ஐயாயிரத்து நானூறு ரூபாய் பில்லும் மூடிய முற்றமும்

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது):

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூன்று கட்டு உள்ள பழைய வீடு எங்களுடையது. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில். நான், என் கணவர், வயதான மாமியார் மூன்று பேர்தான் நிரந்தரமாக இருக்கிறோம். தை மாதம் வந்த கரண்ட் பில் 480 யூனிட், 1,679 ரூபாய். கோடையில் வந்தது 860 யூனிட், 5,400 ரூபாய்! யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் மட்டும் மூன்று மடங்குக்கு மேல். மீட்டர் கோளாறாக இருக்குமா?

குரங்குத் தொல்லைக்கும் மழைச் சாரலுக்கும் பயந்து நான்கு வருடம் முன்பு வளவின் (முகப்பை அடுத்த உள்கட்டு) முற்றத்துக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினோம். அப்புறம் கீழே படுக்கவே முடியவில்லை. மகன் கல்யாணத்துக்காக மாடியில் கட்டிய கான்கிரீட் அறையில் ஏசி மாட்டி அங்கே படுக்கிறோம். மாமியார் மட்டும் மாடி ஏற மாட்டேன் என்கிறார். "ஷீட்டு போட்டதுல இருந்து வளவுல வெக்கை அடங்கவே மாட்டேங்குது" என்று தினமும் புலம்பல்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் 5 கிலோவாட் சோலார் போடச் சொல்கிறான். எலக்ட்ரீஷியன் "பவர் சேவர்" பெட்டி ஒன்று மாட்டினால் பில் பாதியாகும் என்கிறார். உறவினர் ஒருவர் இரண்டாம் கட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்கினால் இன்னொரு 100 யூனிட் இலவசம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்:

ஆச்சி, மீட்டரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு பில்லையும் 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி போட்டுப் பார்த்தேன், ரூபாய் மாறாமல் பொருந்துகிறது.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201லிருந்து 400 வரை 4.70. 401லிருந்து 500 வரை 6.30. ஆக முழுசாக 500 யூனிட் செலவழித்தாலும் 1,805 ரூபாய்தான். 501ஆவது யூனிட் விழுந்ததும் கணக்கே வேறு. 2.35 என்ற சலுகை விலை போய்விடும், 101லிருந்தே 4.70 போடுவார்கள். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. அந்த ஒரே ஒரு 501ஆவது யூனிட்டால் பில்லில் 243 ரூபாய் ஏறுகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

உங்கள் கோடை பில்லை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,805. மேலே போன 360 யூனிட்டுக்கு மட்டும் 3,595. அதனால் வீட்டில் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டிய அவசியம் இல்லை. மாமியார் விசிறியை நிறுத்த வேண்டாம், சாமி அறையை இருட்டாக்க வேண்டாம். உச்சியில் இருக்கிற 360 யூனிட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை இறக்கினால் போதும். பணம் அங்கேதான் இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஒரு சோதனை செய்யுங்கள். காசு செலவில்லை. படுக்கப் போகும் நேரத்தில் விசிறி, லைட், ஏசி, டிவி எல்லாவற்றையும் வழக்கமாக எப்படி நிறுத்துவீர்களோ அப்படி நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜின் சுவிட்சையும் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது வீட்டில் எதுவும் ஓடவில்லை என்றுதானே நினைப்போம்? மீட்டரைப் போய்ப் பாருங்கள். சிவப்பாக ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சடித்திருப்பார்கள். ஒற்றை ஃபேஸ் மீட்டர் பலவற்றில் 3200 என்று இருக்கும். அப்படி இருந்து, சுமார் 11 நொடிக்கு ஒரு முறை மின்னினால், "ஒன்றும் ஓடாத" வீடு 100 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று கணக்கு. மூன்று ஃபேஸ் மீட்டராக இருந்தால் எண் வேறாக இருக்கும், உங்கள் கணவர் போட்டுப் பார்த்துவிடுவார்.

100 வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்புதானே என்று தோன்றும். ஆனால் அது பகலும் இரவும் நிற்காமல் ஓடுகிறது. 60 நாளைக்கு 144 யூனிட். உங்கள் கோடை விலையில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கும் மேல். யாருக்கும் காற்றும் வெளிச்சமும் தராமல் போகிற பணம் இது.

நான் மின் தணிக்கைக்குப் போகிற பழைய வீடுகளில் இந்த 100 வாட் பெரும்பாலும் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். முதலாவது, ஜீரோ வாட் பல்பு. பெயரில்தான் ஜீரோ. உண்மையில் ஒன்று 15 வாட் வரை எடுக்கும். சாமி அறையில் ஒன்று, முகப்பில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று என்று வருடம் முழுக்க அணையாமல் எரிகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று பல்பு சேர்ந்தால் இரண்டு மாதத்துக்கு 65 யூனிட். அதே சிவப்பில், அதே ஹோல்டரில் மாட்டுகிற மாதிரி அரை வாட், ஒரு வாட் எல்இடி பல்பு கிடைக்கிறது. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, இன்வெர்ட்டர். கரண்ட் போகாத நாளிலும் அது தன் பாட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி பழசாகிவிட்டால் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிரம்பாமல் இன்னும் கூடுதலாக இழுக்கும். பேட்டரியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். எந்நேரமும் சூடாக இருந்தால் அதன் காலம் முடிகிறது என்று அர்த்தம். டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பாருங்கள். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி இருக்கிற ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறப்பது நியாயமில்லை. கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இரண்டு இன்வெர்ட்டர் இருந்தால், மூன்று பேருக்கு ஒன்று போதும். மற்றதைக் கழற்றி வையுங்கள்.

மூன்றாவது இடம்தான் எனக்குக் கவலை. டிவி செட்டாப் பாக்ஸ், இணைய மோடம், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டும் மீட்டர் மின்னிக்கொண்டே இருந்தால், வயரிங்கில் எங்கோ கசிகிறது. மரப்பட்டைக்குள் ஓடுகிற அந்தக் காலத்து வயரிங் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், பில்லை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். ரப்பரும் துணியும் சுற்றிய அந்த வயர் காய்ந்து உதிர்ந்திருக்கும். மேலே பர்மாத் தேக்கு உத்திரம். மழைக்காலத்தில் சுவர் ஈரமானால் சுவிட்ச் போர்டைத் தொடவே பயமாக இருக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு வயரிங் முழுவதையும் சோதித்து, கசிவு வந்ததும் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை மெயின் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, இப்போது முற்றத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் அடிக்கோடு போட்டது மாமியார் சொன்ன வரிக்குத்தான். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

செட்டிநாட்டு வீடு எப்படிக் குளிர்கிறது என்று பாருங்கள். தெருவிலிருந்து ஏறினால் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பின்வாசல். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரிகிற மாதிரி நேர்கோட்டில் கதவுகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். பகலில் வெயில் பட்டுச் சூடாகிற காற்று முற்றம் வழியாக மேலே போய்விடும், சுற்றியுள்ள தாழ்வாரம் நிழலில் இருக்கும். ராத்திரி நேர் எதிராக நடக்கும். முற்றத்துக் கல்தளமும் சுற்றியுள்ள சுவரும் பகலில் வாங்கிய சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் முற்றத்துக்குள் இறங்கித் தாழ்வாரம் முழுக்கப் பரவும். சுண்ணாம்புக் காரை போட்ட தடித்த சுவர் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. அது ராத்திரியில் நன்றாக ஆறினால்தான் மறுநாள் மத்தியானம் வரை குளிர்ச்சி தரும். இத்தனை வேலையும் அந்த ஒரு திறப்பை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது.

அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டால் என்ன ஆகும்? வெளிச்சம் வருகிற ஷீட் என்றால் வெயிலின் சூடும் வரும். உள்ளே வந்த சூடு தரையிலும் சுவரிலும் இறங்கும், சூடான காற்று மேலே ஏறி ஷீட்டுக்கு அடியில் தங்கிவிடும். ராத்திரி அது வெளியே போக வழியில்லை, குளிர்ந்த காற்று உள்ளே இறங்கவும் வழியில்லை. சுவர் ஆறுவதற்குள் மறுநாள் விடிந்துவிடும். நாலு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால், முதல் நாள் சூடே ஐந்தாம் நாளும் சுவரில் இருக்கும். நீங்கள் கீழே படுக்க முடியாமல் மாடிக்குப் போனது அதனால்தான். போன இடம் கான்கிரீட் தளம் போட்ட அறை. அந்தத் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கிற நேரத்தில் உள்ளே அனல் விடும். அதோடு ஏசி மல்லுக்கட்டுகிறது. ஷீட் வாங்கிய செலவு நான்கு வருடம் முன்பே முடிந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். ஒவ்வொரு கோடை பில்லிலும் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

குரங்குப் பிரச்சினை உண்மைதான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் குரங்கைத் தடுக்கக் கம்பி போதும். முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பிச் சட்டம், அதன் மேல் வெல்டு மெஷ். ஊரில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கிறது, திருட்டுப் பயத்துக்கும் ஆகும். மழை முற்றத்தில் விழட்டும். அந்தத் தண்ணீர் போவதற்குத்தான் முற்றத்தைத் தாழ்த்தி, மூலையில் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழி அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஆனி, ஆடிக்குள் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். தாழ்வாரத்துக்குச் சாரல் வருவதுதான் தொல்லை என்றால், சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டியோ தார்ப்பாய்த் திரையோ மழை நாளில் இறக்கிக்கொள்ளலாம்.

ஷீட்டை முழுசாக எடுக்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை என்றால், ஒரு சமாதான ஏற்பாடு இருக்கிறது. ஷீட்டை இப்போது ஓட்டோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். அதைக் கழற்றி, கால் வைத்து, ஓட்டுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தி மறுபடி போடச் சொல்லுங்கள். நாலு பக்கமும் அந்த இரண்டு அடி இடைவெளிக்கு வலை அடித்துவிடுங்கள். சூடான காற்று பக்கவாட்டில் வெளியேறிவிடும். திறந்த முற்றத்துக்கு இது ஈடாகாது, ஏனென்றால் ராத்திரி வானத்துக்குச் சூட்டை விடுகிற வேலையை ஷீட் இன்னும் தடுக்கும். இருந்தாலும் இப்போதைய புழுக்கத்துக்கு எவ்வளவோ மேல். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் விலை கேட்டுப் பாருங்கள், மகன் சொல்கிற சோலாரின் செலவில் சிறு துண்டுதான் ஆகும்.

திறந்த பிறகு வீட்டை அந்தக் காலத்து ஆச்சிமார்கள் நடத்தின மாதிரி நடத்த வேண்டும், அதில்தான் பாதிப் பலன். காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிப்பக்க ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு என்று ஜன்னல்கள் இருந்தால், ராத்திரி மேல் கதவுகளை மட்டுமாவது திறந்து வையுங்கள். கொசுவுக்கு ஒட்டி எடுக்கிற வலை போடலாம். சாயங்காலம் முற்றத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் இன்னும் சீக்கிரம் ஆறும். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்து ராத்திரி சாத்துவதுதான் இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வீட்டுக்கு அது தலைகீழ் வைத்தியம்.

அடுத்தது ஏசி. தை பில்லுக்கும் கோடை பில்லுக்கும் வித்தியாசம் 380 யூனிட். நீங்கள் அளவு சொல்லவில்லை, 1 டன் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய மாடல் 1 டன் ஏசியில் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு 1 யூனிட்டுக்குச் சற்று மேல் போகும். ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 60 ராத்திரிக்கு 300 யூனிட்டைத் தாண்டும். ஆகக் கூடுதலில் பெரும்பங்கு இதுதான், மீதி விசிறிகள். புது ஏசி வாங்குங்கள் என்று சொல்லப் போகிறேன் என நினைக்காதீர்கள். இப்போது வேண்டாம். மாடி அறையின் மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட் அடித்தாலும் சரி, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயின்ட் கடையில் கேட்டு வாங்கி அடித்தாலும் சரி. வெறும் சிமென்ட் தளத்தில் மத்தியானம் கால் வைக்க முடியாது. வெள்ளை அடித்த தளத்தில் நின்று பேசலாம். அந்த வித்தியாசம் அப்படியே அறைக்குள் தெரியும். பங்குனி பிறக்கும் முன் அடித்துவிட வேண்டும், சுண்ணாம்பு என்றால் வருடா வருடம்.

அப்புறம் 20 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிற பழக்கம் இருந்தால் விடுங்கள். 26இல் வைத்து விசிறியை மெதுவாக ஓடவிட்டாலே சுகமாக இருக்கும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் மின் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள். செட்டிநாட்டுச் செம்மண் புழுதி அதை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். முற்றம் திறந்து வளவு ஆறத் தொடங்கியதும் கீழே வந்து படுங்கள். கத்திரி வெயிலில் தாங்க முடியாத இருபது ராத்திரி மாடிக்குப் போகலாம், மற்ற நாள் வேண்டியிருக்காது என்பது என் எதிர்பார்ப்பு. அப்படியானால் ஏசி கணக்கில் மட்டும் சுமார் 200 யூனிட் இறங்கும்.

ஒருவேளை கீழேயே ஏசி வேண்டும் என்று பின்னால் தோன்றினால், பெரிய ஹாலில் போடாதீர்கள். பதினான்கு அடி உயரத்துக்குக் குளிர வைக்க ஏசியால் முடியாது. வளவைச் சுற்றி இருக்கிற சின்ன அறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிச் சுவரில் வெயில் படாத, ஒரே கதவு உள்ள அறை. பழைய தேக்குக் கதவின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால், ஒரு சின்ன ஏசி தாராளம்.

விசிறிகளைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல மாட்டேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்கிற மின்சிக்கன மோட்டார் ஃபேன் 30 வாட்டைச் சுற்றி. தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற இடத்தில் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட் மிச்சம். மாமியார் படுக்கிற இடம், நீங்கள் படுக்கிற இடம், பகலில் உட்காருகிற இடம், இந்த மூன்று போதும். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றுகிற விசிறியை மாற்றினால் போட்ட காசு திரும்பப் பல வருடம் ஆகும். முக்கியமாக, உயரமான கூரையில் குட்டைக் கம்பியில் தொங்குகிற விசிறி கூரைக்குத்தான் காற்று வீசும். தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடி உயரத்தில் இறக்கை வருகிற மாதிரி நீளக் கம்பி போடுங்கள். ஐந்தில் வைத்ததை மூன்றில் வைக்கலாம்.

லைட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செம்புச் சோக் போட்ட பழைய டியூப் லைட் இருந்தால் 20 வாட் எல்இடிக்கு மாற்றுங்கள். முகப்பில் தொங்குகிற சரவிளக்கில் மெழுகுவத்தி பல்பு இன்னும் 40 வாட்தான் என்றால் அதையும். கீசர் கோடையில் தேவைப்படாது, போர்டில் உள்ள அதன் எம்சிபி சுவிட்சை இறக்கியே வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. மாவு அரைக்கிற கிரைண்டரைப் பற்றிக் கவலையே படாதீர்கள், அது எடுப்பது சொற்பம்.

தண்ணீர் மோட்டாரை மட்டும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். 1 எச்பி மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் எடுக்கும். தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முன்பைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் மோட்டார் தேய்ந்திருக்கலாம், நிலத்தடி நீர் இறங்கியிருக்கலாம், குழாய் எங்கோ விட்டிருக்கலாம். மூன்று பேர் உள்ள வீட்டில் தினம் இரண்டு முறை மோட்டார் போட வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் கழிவறை ஃப்ளஷ் தொட்டி. சத்தமில்லாமல் ராப்பகலாக ஒழுகும். கொஞ்சம் மஞ்சள் தூளை அந்தத் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கீழே மஞ்சள் இறங்கியிருந்தால் வாஷர் மாற்ற வேண்டும்.

இனி மூன்று யோசனைகள். எலக்ட்ரீஷியன் சொன்ன பவர் சேவர் பெட்டி வேண்டாம். அதைத் திறந்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும் இருக்கும். தொழிற்சாலைகளில் பவர் ஃபேக்டர் என்று ஒன்றைச் சரிசெய்ய கெப்பாசிட்டர் போடுவது உண்டு, அங்கே அதற்குப் பலனும் உண்டு. வீட்டுக்கு மின்வாரியம் கணக்கெடுப்பது யூனிட்டை மட்டும். கெப்பாசிட்டர் போட்டாலும் யூனிட் குறையாது. அந்தப் பச்சை விளக்கு எரிகிற கரண்டும் உங்கள் கணக்கில்தான் வரும்.

இரண்டாம் கட்டுக்குத் தனி சர்வீஸ் என்ற யோசனையும் வேண்டாம். ஒரே குடும்பம், ஒரே அடுப்பு உள்ள வீட்டில் இலவச யூனிட்டுக்காக இணைப்பைப் பிரிப்பதை விதி அனுமதிக்காது. கண்டுபிடித்தால் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள், அலைச்சல் உங்களுக்குத்தான். பங்காளி யாராவது திரும்பி வந்து தனிக் குடித்தனம் வைத்தால் அது வேறு விஷயம், அப்போது பிரிவு அலுவலகத்தில் முறைப்படி கேட்கலாம்.

மகன் சொல்கிற சோலார் நல்ல யோசனைதான், அளவும் நேரமும்தான் தவறு. நம்ம பக்கம் 1 கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட். உங்கள் மோசமான கோடைக்கே 860தான். மேலே சொன்னவற்றைச் செய்து முடித்தால் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். ஏசியில் 200, மூன்று விசிறியில் 85 முதல் 90, ஓடாமலே ஓடுகிறவற்றில் சுமார் 85. மொத்தம் 370 போனால் 490 யூனிட், பில் 1,742 ரூபாய். மோட்டாரிலும் ஃப்ரிட்ஜிலும் கிடைப்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, ஏதாவது ஒன்று சொன்னபடி நடக்காவிட்டால் அது ஈடுகட்டும். கோடையிலேயே 1,742 என்றால் தையில் இன்னும் கீழே. இந்த பில்லைக் குறைக்க 5 கிலோவாட் போட்டால், போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க ரொம்ப வருடம் ஆகும்.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். அதிகபட்சம் 78,000. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான், கூடுதல் 2 கிலோவாட் முழுக்க உங்கள் கைக்காசு. ஒரு கோடையை இந்த மாற்றங்களோடு கழித்துவிட்டு, அப்போது வருகிற யூனிட்டைப் பார்த்து 2 கிலோவாட்டா 3 கிலோவாட்டா என்று முடிவு செய்வதுதான் சரி.

அதற்குள் செய்து வைக்க வேண்டிய ஒரு காகித வேலை உண்டு. சர்வீஸ் இன்னும் மாமனார் பெயரிலேயே இருந்தால், மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். பெயர் மாற்றத்துக்குப் பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தும் தேவைப்படலாம். அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கிற குடும்ப வழிபாடு) எல்லாரும் ஊருக்கு வரும்போது பேசி முடித்துவிடுங்கள், அப்போது விட்டால் எல்லாரையும் ஒன்றாகப் பிடிப்பது கஷ்டம். பலகையை ஓட்டின் மேல் வைக்கவே கூடாது. பழைய கட்டில் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் அதிலும் துளை போட விடாதீர்கள், ஒழுகத் தொடங்கினால் அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. மாடிக் கான்கிரீட் அறையின் மேல்தளம்தான் சரியான இடம். பலகையின் நிழலில் அந்த அறையும் கொஞ்சம் குளிரும். குரங்குகள் பலகை மேல் ஏறி உட்காரும், வயர்களைக் குழாய்க்குள் போடச் சொல்லுங்கள்.

மீட்டர் கணக்கெடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பத்து நாள் முன்னால் ரீடிங் பார்த்து, முந்தைய பில்லில் உள்ள எண்ணைக் கழித்தால் எத்தனை ஓடியிருக்கிறது என்று தெரியும். 440ஐ நெருங்கியிருந்தால் அந்தப் பத்து நாளும் நாளைக்கு 6 யூனிட்டுக்குள் நிறுத்தப் பாருங்கள், 501ஐத் தொட்டால் 243 ரூபாய் கூடும் என்று மேலே சொன்னேன் அல்லவா. ராத்திரிச் சோதனையில் எத்தனை நொடிக்கு ஒரு முறை மீட்டர் மின்னியது, அதில் அச்சடித்திருக்கும் எண் என்ன, ஏசி எத்தனை டன், எந்த வருடம் வாங்கியது, இவற்றை எழுதி அனுப்புங்கள். முற்றத்து ஷீட்டை எடுத்துவிட்டீர்களா உயர்த்தினீர்களா என்பதையும் சேர்த்து எழுதினால், சோலார் அளவை அதற்கேற்பப் போட்டுத் தருகிறேன்.